‘தூய தூய தூயா’: எழுதியவர் யார், ராகம் போட்டவர் யார்? கேள்வி பதில்

சபைகளில் பாடும் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள பாட்டுகளில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘தூய தூய தூயா’ (ஆங்கிலத்தில் ‘Holy, Holy, Holy’) பற்றியே. சரி, இந்த முறை அது மட்டும்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஐயா, நான் பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்தவன். இந்தப் பாட்டை எழுதிய ஹீபரும் கல்லூரிப் பெயரில் உள்ள ஹீபரும் ஒரே ஆள்தானா?

பதில்: ஒரே ஆள்தான். ரெஜினால்ட் ஹீபர், 1783இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போதே கவிதைக்குப் பரிசு வாங்கியவர். 1823இல் கல்கத்தா பேராயராகக் கப்பலேறினார். பெயர்தான் கல்கத்தா, மொத்த இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாமே அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் இத்தனையையும் ஒரே மனிதர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

உங்கள் ஊருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பெயரோடு நிற்கவில்லை. அவர் இறந்ததே திருச்சியில்தான்.

கேள்வி (அதே வாசகர்): தெப்பக்குளத்தில் மூழ்கினார் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள்.

பதில்: தெப்பக்குளம் இல்லை, தங்கியிருந்த பங்களாவின் குளியல் தொட்டி. ஆள் முங்கும் ஆழம் உள்ள தொட்டி.

1826 மார்ச் 26 ஈஸ்டர். அன்று ஹீபர் தஞ்சாவூரில் இருந்தார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த சரபோஜி மன்னரையும் அங்கே சந்தித்தார். மாலையில் நடந்த தமிழ் ஆராதனையில் ஆசியைத் தமிழிலேயே கூறினார். அடுத்த சனிக்கிழமை திருச்சி வந்தார். ஞாயிறன்று புனித யோவான் ஆலயத்தில் பிரசங்கமும் திடப்படுத்தலும் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து ஆசீர்வதிக்கும் சடங்கு). ஏப்ரல் 3, திங்கள் அதிகாலையில் கோட்டைக்குள் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயத்துக்குப் போய்த் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தினார். பங்களாவுக்குத் திரும்பியதும் குளிக்கப் போனார். வெகுநேரமாகியும் வெளியே வராததால் வேலையாள் போய்ப் பார்த்திருக்கிறார். உயிர் இல்லை. வயது 42, பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

கல்லறை புனித யோவான் ஆலயத்துக்குள், பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்துக்குப் போனால், அவர் இந்தியர் இருவரைத் திடப்படுத்தும் சிற்பத்தைப் பார்க்கலாம். லண்டன் சிற்பி சாண்ட்ரி செய்தது. தூண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகி): அப்படியானால் பாட்டை இந்தியாவில் எழுதினாரா?

பதில்: இல்லை அம்மா. இங்கிலாந்தின் ஹாட்னெட் என்ற கிராமத்தில் 1807 முதல் குருவானவராக இருந்தார். அங்கேதான் திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருத்தமாகப் பாட்டு எழுதிச் சேர்த்து வந்தார். இது திரித்துவ ஞாயிறுக்கானது, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை நினைக்கும் ஞாயிறு. வேதாகமத்தில் ஏசாயா ஆறாம் அதிகாரத்தையும் வெளிப்படுத்தல் நாலாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கண்ணாடிக் கடல், பொற்கிரீடம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை. அன்றைய இங்கிலாந்து திருச்சபையில் சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவதுதான் வழக்கம். மனிதர் சொந்தமாக எழுதிய பாட்டு என்றால் மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள். ஹீபர் தன் தொகுப்புக்கு அங்கீகாரம் கேட்டு லண்டன் பேராயருக்கு எழுதிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1827இல்தான் தொகுப்பு அச்சில் வந்தது. இந்தப் பாட்டு மட்டும் அதற்கு முந்தைய வருஷமே பான்பரி என்ற ஊர்ச் சபையின் பாட்டுப் புத்தகத்தில் வந்துவிட்டது.

கேள்வி (நாகர்கோவில், கொயரில் பாடுபவர்): அண்ணா, ராகமும் ஹீபருடையதா?

பதில்: இல்லை தம்பி. ராகம் ஜான் பேக்கஸ் டைக்ஸ் போட்டது. ஹீபர் சாகும்போது டைக்ஸுக்கு வயது மூன்று! பாட்டுக்கு இந்த ராகம் கிடைத்தது 1861இல். நாம் பாடுகிற மாதிரி இந்தப் பாட்டை எழுதியவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டைக்ஸ் டர்ஹம் பேராலயத்தில் பாடகர் குழுவை நடத்திய குருவானவர். 1860இல் லண்டனில் ஒரு புதிய பாட்டுப் புத்தகம் தயாராவது தெரிந்து, அதன் இசைப் பொறுப்பாளர் மங்க் என்பவருக்குத் தன் ராகங்களைத் தானாகவே அனுப்பிவைத்தார். ஏழு ராகங்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று இது. பெருமையைப் பங்கு போடுவதென்றால் நான் மங்குக்கும் ஒரு பங்கு கொடுப்பேன். பழைய பாட்டையும் புது ராகத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட ஒரு ஆள் வேண்டுமே!

இனி ராகத்தைக் கவனி. ‘தூ-ய தூ-ய தூ-யா’ என்ற ஆறு அசையும் ச ச, க க, ப ப. ஒவ்வொரு ‘தூய’வுக்கும் ஒரு படி ஏறுகிறது. ஆர்கனில் இந்த மூன்றையும் சேர்த்து அமுக்கினால் ஒரே கார்ட் (chord), பல சுரம் சேர்ந்த ஒரே ஒலி. திரித்துவப் பாட்டுக்கு மூன்று சுரம் சேர்ந்து ஒன்றாகும் தொடக்கம். டைக்ஸ் நினைத்துச் செய்தாரா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும், பிரசங்கம் தெரிந்த மனிதர் அவர்.

இன்னொன்று. பாமாலையில் மீட்டர் (ஒவ்வொரு அடியிலும் உள்ள அசைகளின் எண்ணிக்கை) ஒத்துப்போனால் ஒரு பாட்டை வேறு ராகத்தில் பாடிவிடலாம். இதன் மீட்டர் 11, 12, 12, 10. இப்படி ஒரு அளவுக்கு வேறு ராகம் தேடிப் பார், கை வலிக்கும். அதனால்தான் பாட்டும் ராகமும் பிரியாமல் இருக்கின்றன.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ஜெர்மன் இசைமேதை பாக் இசையில் இதே தொடக்கத்தைக் கேட்டேன். காப்பிதானே?

பதில்: நீங்கள் கேட்டது 1731இல் பாக் எழுதிய கண்டாட்டாவாக (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த நீண்ட படைப்பு) இருக்கும். அதன் ராகமும் பாக்குடையதல்ல, பிலிப் நிக்கோலாய் 1599இல் வெளியிட்டது. அதுவும் ச, க, ப என்றுதான் தொடங்குகிறது. அப்புறம் வழி வேறு. மூன்று சுர ஏற்றம் யாருக்கும் சொந்தமில்லை. நான் காப்பி என்று சொல்லமாட்டேன்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): ராகத்தின் பெயர் ‘நைசியா’ என்று ஏன்?

பதில்: கி.பி. 325இல் கூடி, திரித்துவ விசுவாசத்துக்கு அடிப்படை போட்ட நிசேயா சங்கத்தின் பெயர், திரித்துவப் பாட்டுக்குப் பொருத்தம். நற்கருணை ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதே நிசேயா.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): எங்கள் நாட்டை இழிவாக எழுதியவரும் இந்த ஹீபர்தானே?

பதில்: ஆம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1819இல் மிஷனரிப் பணிக்காக எழுதிய இன்னொரு பாட்டில், இலங்கைத் தீவில் எல்லாம் அழகு, மனிதன் மட்டும் கீழானவன் என்ற பொருளில் வரி இருக்கிறது. அப்போது அவர் கீழ்த்திசையையே பார்த்ததில்லை. இலங்கைக்கு வந்தது 1825இல். காந்தி அந்த வரியைக் கண்டித்துப் பேசியிருக்கிறார், நியாயமான கண்டனம். துதிப்பாட்டு எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): டைக்ஸ் இந்தப் புகழை அனுபவித்தாரா?

பதில்: கடைசிக் காலம் கஷ்டம்தான். 1862இல் டர்ஹமில் ஒரு பெரிய சபைக்குக் குருவானவர் ஆனார். உதவிக்கு ஆள் கேட்டார். வருகிறவர் நிற அங்கவஸ்திரம் போடக்கூடாது, தூபம் போடுகிற இடத்தில் நிற்கக்கூடாது, சபைக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்றார் பேராயர் பேரிங். டைக்ஸ் நீதிமன்றம் வரை போனார். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. தனியாகவே வேலை பார்த்து உடம்பு கெட்டு, 1876 ஜனவரியில் 52 வயதில் இறந்தார்.

கேள்வி (தூத்துக்குடி, ஆர்கன் வாசிப்பவர்): எங்கள் சபையில் மேலே போகும்போது பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்ய?

பதில்: பழைய புத்தகத்தைப் பார்த்து ஈ மேஜர் சுருதியில் வாசிக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்த ராகம் மேல் ச வரை போகும். ஈயில் வாசித்தால் அது மேல் ஈ. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு எந்தச் சபைக்கும் அது எட்டாது. டி மேஜருக்கு இறக்குங்கள், அதுவும் போதாவிட்டால் சி மேஜர். மெதுவாக்கினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், மூச்சு இன்னும் சீக்கிரம் தீரும். கடைசிக் கவிக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டுங்கள்.