அண்ணர் தன் பங்கை வெளியாருக்கு விற்கப்போகிறார், கிணறும் போய்விடுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் உரும்பிராயில் அப்பா விட்டுப்போன ஆறு பரப்புத் தோட்டக்காணி, மூன்று பிள்ளைகளுக்கும் இன்னும் பிரிக்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணர் தன் பங்கை வெளியாள் ஒருவருக்கு விலை பேசிவிட்டாராம். கிணறு ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுவதா, கோட்டுக்குப் போவதா?

பதில்: முதலில் அண்ணருக்கு ஒரு போன் எடுங்கள். பங்காளியாகிய உங்களிடம் கேட்காமல் அவர் வெளியாருக்கு விற்க முடியாது. இது ஊர்ப்பேச்சு மட்டுமில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்கிற ஒல்லாந்த அதிகாரி தொகுத்துக் கொடுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில் உள்ள உரிமை. 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனால் இது முதலில் வாங்குகிற உரிமை, விற்பனையைத் தடுக்கிற உரிமை இல்லை, இதைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். கையில் காசில்லாமல் "அப்பாவின் முதுசம், விற்கக்கூடாது" என்று அழுதால் ஒன்றும் நடக்காது. நீங்களும் மற்றச் சகோதரமும் சேர்ந்தாவது காசு புரட்ட முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் வாங்க விருப்பம் என்பதைச் சட்டத்தரணி மூலம் எழுத்திலே அனுப்பிவிடுங்கள். காணியை முன்பே பிரித்து உறுதி (காணிப் பத்திரம்) முடித்திருந்தால் பங்காளி உரிமை போய்விடும், அண்ணருக்குப் பிள்ளைகள் இருந்தால் வாரிசு என்றும் நீங்கள் கேட்க முடியாது. இன்னொன்று, இந்த உரிமை விற்பனைக்குத்தான், நன்கொடைக்கு இல்லை; விற்பனையை நன்கொடை உறுதியாக எழுதுகிற கெட்டித்தனமும் நம்மிடம் உண்டு, கவனம்.

கிணற்றுக்கு வருவோம். அப்பாவின் உறுதியை எடுத்து "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்கிற மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அண்ணரின் பங்கை யார் வாங்கினாலும் உங்கள் பங்கு கிணற்றில் இருக்கும். சண்டை வருவது தண்ணீர் முறையில்தான்: யார் எந்த நாள் இறைப்பது, மோட்டர் யாருடையது, கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் செலவு யாருக்கு. இதற்குப் பெரியவர்களைவிட நல்ல ஆள் கிடையாது, எந்த வாய்க்கால் எவ்வழி ஓடியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எல்லையும் அப்படித்தான். உக்கின கதியாலை (வேலிக்கு நடுகிற தடியை) மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தள்ளி நட்டு, பத்துப் பதினைந்து வருஷத்தில் வேலி எங்கேயோ போயிருக்கும். பழைய பூவரசு நின்ற இடத்தைக் காட்ட ஒரு கிழவர் வேண்டும், பிறகு அதை நில அளவையாளர் அளந்து படத்தில் போடவேண்டும்.

பெரியவர்கள் சொல்லியும் அண்ணர் இறங்கி வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், கோட்டுக்குப் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கிற சபை அது. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது, அங்கே சட்டத்தரணி வந்து உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். எங்கே இணங்கினாலும் சரி, காணி கைமாறுவதென்றால் உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்கவேண்டும், 1840இலிருந்தே சட்டம் அதுதான். கிணற்று முறையையும் அந்த உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள், எந்த நாள் யாருக்கு என்பது உட்பட.