ராஜாஜி பெயரில் ஒரு காடு

கேள்வி: ஹரித்வாரிலிருந்து டேராடூன் போகிற வழியில் ‘ராஜாஜி’ என்று பலகை பார்த்தோம். நம்ம ராஜாஜியா? மே மாதம் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். கூட்டிப் போனால் புலி பார்க்கலாமா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: நம்ம ராஜாஜியேதான்! ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர் பெயரில் சிவாலிக் மலையடிவாரத்தில் சால் மரக்காடு ஒன்று இருப்பது, இங்கே பல வருஷமாகக் குடியிருக்கிற தமிழர்களுக்கே தெரிவதில்லை. ராஜாஜி, மோத்தீசூர், சீலா என்ற மூன்று சரணாலயங்களைச் சேர்த்து 1983-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், சுமார் 820 சதுர கிலோமீட்டர். 2015-ல் புலிகள் காப்பகமும் ஆனது.

புலியைவிட யானையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆசிய யானைகள் வாழும் பரப்பின் வடமேற்கு எல்லை இந்தப் பக்கம்தான். கங்கை இந்தக் காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே சீலா, மேற்கே மோத்தீசூர். ஆற்றைக் கடப்பது யானைக்குப் பெரிய விஷயமே இல்லை, ஆனால் நடுவில் நாம் மின் உற்பத்திக்கு ஒரு கால்வாய், ஒரு நெடுஞ்சாலை, ஒரு ரயில் பாதை, இதெல்லாம் போதாதென்று வீடுகளும் கட்டி அதன் வழித்தடத்தை அடைத்துவிட்டோம். மதுக்கரை, வாளையார் பக்கம் ரயிலில் அடிபட்ட யானைகளின் படத்தைப் பார்த்து வயிறு எரிந்ததே, அதே கொடுமை இங்கேயும் நடந்திருக்கிறது. புலிக்கும் இதே கதிதான். மேற்குப் பகுதியில் பல வருஷம் இரண்டே இரண்டு பெண்புலிகள், ஆண்புலி அந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை. கடைசியில் 2020 டிசம்பரில் ஆரம்பித்து கார்பெட் புலிகள் காப்பகத்திலிருந்து புலிகளைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதனால் புலி கண்ணில் படும் என்று பெரியவர்களுக்கு ஆசை காட்டாதீர்கள். யானையும் புள்ளிமானும் பார்க்க வாய்ப்பு அதிகம், அதிர்ஷ்டம் இருந்தால் மலைச்சரிவில் கோரல் தெரியும், நம்ம வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். சீலாவில் ஒரு பெண் யானை புல்லை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் பட்பட்டென்று அடித்து மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்துக்கொண்டதை நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

மே மாதம் வெயில் கொளுத்தும், ஆனால் தண்ணீர் தேடி மிருகங்கள் வெளியே வரும் நேரமும் அதுதான். காலை சவாரியே எடுங்கள், அப்பா அம்மாவுக்குத் தொப்பி, தண்ணீர் கட்டாயம். ஜூன் 15-க்குப் பிறகு மழைக்காக மூடிவிட்டு நவம்பர் 15-க்குத்தான் திறப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ஒன்று, மோத்தீசூர் பக்கம் இருட்டிய பிறகு கார் ஓட்ட வேண்டி வந்தால் மெதுவாகவே போகச் சொல்லுங்கள். குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் சாலையோரம் காத்து நிற்கலாம், ஹார்ன் அடிக்காமல் விளக்கைத் தாழ்த்தி, அவை கடந்து முடிக்கும்வரை தள்ளியே நில்லுங்கள்.