பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம்: ஊர்ப்பெயரைப் போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மகன் பெயர் ச. அருண். 'ச' என்பது என் பெயரான சந்திரன். மேற்படிப்புக்காக அவனுக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். 'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது? குமாரமங்கலம் குடும்பத்தார் போல, எங்கள் பூர்வீகமான மேச்சேரியைக் குடும்பப் பெயராகப் போடலாம், கெஜட்டில் (அரசிதழில்) மாற்றித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் 9,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு கெஜட்டே தேவையில்லை. பெயர் கட்டத்தில் அருண், சர்நேம் கட்டத்தில் சந்திரன். அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது. விரித்துத்தான் எழுத வேண்டும். அப்படி விரிப்பது பெயர் மாற்றம் ஆகாது. மேச்சேரியைச் சேர்ப்பதோ முழுப் பெயர் மாற்றம். அந்த வித்தியாசத்தில்தான் ஏஜென்டின் பிழைப்பு நடக்கிறது.

ஏஜென்ட் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். அன்று சேலம் மாவட்டம், இன்று நாமக்கல். அந்த ஊர் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அவரை ஊர்ப்பெயரால் யாரும் அழைக்கவில்லை. அது குடும்பப் பெயராக நிலைத்தது மகன்கள் காலத்தில்: 1966 முதல் 1969 வரை ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். மோகனின் மகன் ரங்கராஜன் 1984இல் சேலத்தின் எம்.பி. ஆனபோதும் அதே பெயர். ஆனால் சுப்பராயனின் மகள் பார்வதி, கணவர் பெயரைச் சேர்த்து பார்வதி கிருஷ்ணன் ஆனார். ஒரே வீட்டில் மூன்று வழக்கம்! யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அன்று ஆதாரும் இல்லை, பான் கார்டும் இல்லை.

இன்று மேச்சேரியைச் சேர்த்தால் என்ன ஆகும்? கெஜட்டில் வந்துவிடும். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் பழைய பெயரிலேயே இருக்கும். பல்கலைக்கழகம், தூதரகம், வங்கி என்று போகும் இடமெல்லாம் உங்கள் பையன் கெஜட் பிரதியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். உண்மையாகவே பெயர் மாற்ற வேண்டியவர்கள்கூட கெஜட்டை வெளியிடும், சென்னையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறைக்குத் தாங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆயிரக்கணக்கில் இல்லை. வெளியான அறிவிப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பிழை வந்தால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

உங்கள் விஷயத்தில் நிஜமான கண்ணி வேறு. தமிழில் 'ச' என்று ஒரே எழுத்து. மதிப்பெண் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'சி' என்று சரியாக இருக்கும். ஆதார் மையத்தில் தட்டச்சு செய்தவர் 'எஸ்' என்று போட்டிருப்பார். சரவணனுக்கு 'எஸ்' பொருந்தும், சந்திரனுக்குப் பொருந்தாது. இந்த ஓர் எழுத்துக்காக விண்ணப்பம் நின்றுபோகும். எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு. இனிஷியலை மட்டும் மாற்றி ஒன்றை வீணாக்காமல் 'அருண் சந்திரன்' என்று முழுமையாகவே கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் உங்கள் ஆதாரில் உள்ளபடியே அவனுக்கும் வர வேண்டும். பிறகு பான், அங்கும் இனிஷியல் செல்லாது, சந்திரன் என்பது கடைசிப் பெயர் கட்டத்தில். அதற்குப் பிறகே பாஸ்போர்ட்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாமே என்பார்கள். சட்டப்படி விடலாம், பாஸ்போர்ட்டும் வரும். ஆனால் 'அருண்' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டவர்களை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் ஏற்க மறுத்தது. பின்னர்தான், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்பதன் சுருக்கம் அச்சாகும். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் ஒரு மாநிலமே இருக்கிறது என்பது இந்தப் படிவங்களை வடிவமைத்தவர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பங்கள் அதிகம் என்பதால் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே வீட்டுப் பெயர் உண்டு. அது முதல் இனிஷியலாக நிற்கும், அப்பா பெயர் இரண்டாவதாக. டி.எம். சௌந்தரராஜன் பெயரில் 'டி' தொகுளுவா என்ற குடும்பப் பெயர், 'எம்' அப்பா மீனாட்சி ஐயங்கார். ராஜாஜியின் 'சி'யும் சக்கரவர்த்தி என்ற குடும்பப் பெயர்தான், அப்பா பெயர் அல்ல. இப்படி இரண்டு இனிஷியல் உள்ளவர்கள் ஒன்றை விரித்து மற்றதை விட்டால் சான்றிதழோடு பெயர் பொருந்தாது. வீட்டுப் பெயர் சர்நேம் கட்டத்தில். சொந்தப் பெயரும் அதை அடுத்து அப்பா பெயரும் பெயர் கட்டத்தில். அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்களே. மூன்றும் நீளமாக இருந்தால் வால் அறுபடும். விமான டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுதுங்கள்.

உங்கள் மகனுக்கு 18 வயது நிறைந்திருந்தால் 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நீங்களே கட்டி, சேலம் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்தில் நாள் குறிக்கலாம். திருத்திய ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களோடு போங்கள். கவுன்டரில் திரையில் பெயரைக் காட்டும்போது பையனே ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்கட்டும்.