காண்டெஸாவுக்கு எந்த கியர் பாக்ஸ் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் 1.8 பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய காண்டெஸா கிளாசிக் கார் இருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பெங்களூரு பழைய உதிரிபாகக் கடைகளில் ஒருவர் ‘காண்டெஸா கியர் பாக்ஸ்’ என்று ஒன்றையும், மற்றொருவர் அம்பாசடர் 1800 வண்டியில் கழற்றியது என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்குவது? — வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இறக்கத்தில் கியர் நழுவினால் என்ஜினின் பிடி அற்றுப்போய் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும் என்பதால், பழுது நீங்கும்வரை அந்த வழியாக வண்டியை எடுக்க வேண்டாம். ஆனால் மூன்றாவது கியர் மட்டும் நழுவுகிறது என்ற ஒரே காரணத்துக்காக முழு கியர் பாக்ஸையும் மாற்றத் துணிவது அவசர முடிவு. கியரின் பற்களும் அவற்றோடு சேர்ந்து கியரைப் பூட்டும் வளையமான ஸ்லீவும் தேய்ந்திருக்கலாம்; கியரை நகர்த்தும் செலக்டர் ராடைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால்கூட இதே தொல்லை வரும். முதலில் ரப்பரைப் பாருங்கள், அதற்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கேசிங் உடையாமலும் ஷாஃப்டுகள் நேராகவும் இருந்தால், பேரிங்குகளையும், கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ ரிங்குகளையும் தேய்ந்த ஸ்லீவையும் மாற்றி உங்கள் கியர் பாக்ஸையே செப்பனிடுவதுதான், வரலாறு தெரியாத ஒன்றை வாங்குவதைவிட நல்லது என்பது என் கருத்து.

உதிரிபாகம் கிடைக்காமல் மாற்றியே ஆக வேண்டியிருந்தால், பெயரை நம்பி வாங்காதீர்கள். 1984இல் வந்த காண்டெஸாவில் 1.5 லிட்டர் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை என்ஜினும் நான்கு கியர்களும் இருந்தன. பின்னர்தான் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியர்களும் வந்தன. டீசல் காண்டெஸாவும் விற்கப்பட்டது. ஆகவே ‘காண்டெஸா கியர் பாக்ஸ்’ என்ற சொல் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமாகாது. மாறாக, அம்பாசடர் 1800இல் இருந்ததும் அதே இசுசு 1.8 குடும்பத்து என்ஜின்தான். எனவே இரண்டாவது கடைக்காரர் காட்டுவது பெயரளவில் அந்நியமாகத் தோன்றினாலும் என்ஜினுக்கு நெருங்கிய உறவாக இருக்கக்கூடும். எனினும் கியர் லீவர் அமையும் இடமும் பின்பக்க மவுண்டிங்கும் வண்டிக்கு வண்டி வேறுபடலாம் என்பதால், அளந்து பார்க்காமல் அதையும் எடுக்க வேண்டாம்.

அளப்பதற்கு உங்கள் கியர் பாக்ஸை இறக்கிக் கடைக்கே கொண்டுபோவதே சிறந்த வழி. கிளட்சை மூடி என்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் ஒத்துப்போக வேண்டும். என்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பல்வரிகளை எண்ணுவதோடு, உங்கள் கிளட்ச் பிளேட்டை அதன்மேல் செருகியும் பாருங்கள். ஷாஃப்டின் நுனி, ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங்கில் உட்காரும் தடிமனிலும் நீளத்திலும் இருக்க வேண்டும். என்ஜினோடு சேரும் முகத்திலிருந்து பின் மவுண்டிங்வரை உள்ள நீளம் மாறினால் கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் மாற்ற நேரும். லேத் பட்டறையில் அந்த புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் வேகமெடுக்கும்போது வண்டி அதிரும். ஸ்பீடோமீட்டர் கேபிள் பொருந்துகிறதா என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கியர் விகிதத்தைக் கடையிலேயே கண்டறியலாம்: ஒவ்வொரு கியராகப் போட்டு, பின்பக்க ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற இன்புட் ஷாஃப்டை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணி, உங்கள் பெட்டியோடு ஒப்பிடுங்கள். சுற்றும்போது கரகரப்போ, ஷாஃப்டில் மேலும் கீழுமான ஆட்டமோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஆர்சி புத்தகத்தில் பதிவாவது என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான். அதே வகை கியர் பாக்ஸை மாற்றுவதால் அவை மாறுவதில்லை.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அதில் ‘பழைய சாமான்’ என்று மட்டும் எழுதாமல், எந்த வண்டிக்கு, எந்த என்ஜினுக்கு என்பதையும், கேசிங்கில் எண் இருந்தால் அதையும், சோதித்துப் பார்க்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. கடைச் சுவரில் தொங்கும் பலகை இதை மாற்றிவிடாது. ஆனால் பொருளில் குறையே இல்லாமல், நீங்கள் அளக்காததால் பொருந்தாமல் போனால் உங்கள் வழக்கு பலவீனமாகும். கடை கர்நாடகத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.