கிரேன் இல்லாத இடத்தில் சிறிய டீசல் எஞ்சினைப் பாதுகாப்பாக வெளியே எடுப்பது எப்படி?

கிரேன் வர வழியில்லாத இடத்தில், ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள டீசல் எஞ்சினைக் கைவசமுள்ளவற்றைக் கொண்டு தூக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கலாம். ஆனால் எஞ்சினைத் தொங்கவிடும் சட்டகத்தை மட்டுமே நாமாக அமைத்துக்கொள்ளலாம். எடையை ஏந்தும் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்து எடையைத் தூக்கும் கருவி), ஸ்லிங் (எடையைக் கொக்கியோடு இணைக்கும் பட்டை அல்லது சங்கிலி), ஷாக்கிள் (இவற்றைப் பிணைக்கும் இரும்பு வளையம்) ஆகியவை அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டு, தாங்கும் எடை பொறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கயிறு தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்கக்கூடும் என்பதால், பழைய கயிற்றை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல், ஆயில், தண்ணீர் மூன்றையும் வடித்து, கியர்பாக்ஸையும் முடிந்தால் ஃப்ளைவீலையும் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) தனியே எடுத்துவிடுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் ஃப்ளைவீலின் கனம் மிகுதி. அதைக் கழற்றியதும் எடைமையம் இடம் மாறிவிடும் என்பதால், ஸ்லிங் கட்டும் இடத்தை அதன் பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே எடுக்க வழியிருந்தால், தொங்கவிடவே வேண்டாம் என்பேன். கடப்பாரையால் ஒரு பக்கத்தைச் சிறிது நெம்பி, அடியில் பலகையைச் செருகி, பிறகு மறுபக்கத்தை நெம்பி உயர்த்தி, இறுதியில் இரும்புக் குழாய்களின் மேல் உருட்டிச் செல்லும் முறை மெதுவானதுதான்; ஆனால் எந்த நிலையிலும் எஞ்சின் விழக்கூடிய உயரம் ஒரு பலகையின் தடிமனைத் தாண்டாது. பலகையைக் கைவிரலால் அல்ல, மற்றொரு கட்டையால் தள்ளிச் செருகுங்கள்.

குழியிலிருந்து மேலே எடுத்தாக வேண்டுமென்றால் முக்காலி அமைக்கலாம். கனமான மூன்று இரும்புக் குழாய்களின் உச்சியைப் போல்ட்டால் பிணைத்து, கால்கள் வழுக்கி விரியாதபடி அடியில் மூன்றையும் சங்கிலியால் சுற்றிக் கட்டுவது கட்டாயம். முக்காலி நேர்கீழான எடையைத்தான் தாங்கும். தொங்கும் எஞ்சினைப் பக்கவாட்டில் இழுத்தால் முக்காலியே சாய்ந்துவிடும். ஆகவே எஞ்சினை நேராக உயர்த்தி, குழியின் மேல் வலுவான கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மீது இறக்கிய பிறகுதான் நகர்த்த வேண்டும். கூரை உத்திரமோ ஏணியோ முக்காலிக்கு மாற்றாகாது.

ஸ்லிங்கின் கோணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கொக்கியிலிருந்து எஞ்சினுக்கு இறங்கும் அதன் இரண்டு கிளைகளும் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால், 200 கிலோவுக்கு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 115 கிலோ இழுவிசை விழும். 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொன்றும் முழு 200 கிலோவைச் சுமக்க நேரிடும். எஞ்சினிலேயே உள்ள தூக்கும் வளையங்களில்தான் கொக்கியை மாட்ட வேண்டும்; இன்ஜெக்டர் குழாயிலோ மேனிஃபோல்டிலோ மாட்டக் கூடாது.

விரல் அளவு உயர்த்தியதும் நிறுத்தி, இணைப்புகளையும் முக்காலியின் கால்களையும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். எஞ்சின் ஏற ஏற அடியில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே வர வேண்டும். யாரும் அதன் கீழே கையையோ காலையோ நீட்டக் கூடாது. இறக்கி வைக்கும்போது ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) மீது எடை விழாமல், எஞ்சினின் மவுண்டிங் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.