ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரருக்கு மிகப் பொருத்தமான உயரமும் எடையும் எவ்வளவு? உடல் பெரிதாக இருக்க இருக்க நல்லதுதானா?

கேட்டவர் எதிர்பார்ப்பது எண்களை என்பதால் அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 190 முதல் 198 செ.மீ. வரை உயரம், போட்டி நாளில் 102 முதல் 110 கிலோ வரை எடை, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை 200 செ.மீ. அல்லது அதற்கும் கூடுதலான நீளம்: இன்றைய தொழில்முறை ஹெவிவெயிட் பிரிவுக்கு இதுவே மிகவும் ஏற்ற உடல் என்பது என் கருத்து. உடல் பெரிதாக இருக்க இருக்க நல்லதா என்ற இரண்டாவது கேள்விக்கு, ஓர் எல்லை வரைக்கும் நல்லது, அந்த எல்லையும் பலர் நினைப்பதைவிட மிகக் கீழே இருக்கிறது என்பதே என் பதில்.

தொழில்முறைக் குத்துச்சண்டையின் எடைப் பிரிவுகளில் மேல்வரம்பு இல்லாதது ஹெவிவெயிட் மட்டுமே. இன்று அது பொதுவாக 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல் தொடங்குகிறது. ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவு உருவாவதற்கு முன்பு 175 பவுண்டைத் தாண்டிய எல்லோரும் ஹெவிவெயிட்டிலேயே மோதினார்கள். ஏறக்குறைய 85 கிலோவில் சாம்பியன்களாக இருந்த ஜாக் டெம்ப்சியும் ராக்கி மார்சியானோவும் இன்றைய விதிப்படி குரூசர்வெயிட் வீரர்கள். ஆகவே பழைய சாம்பியன்களின் எடையை அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆனால் மேல்வரம்பு இல்லாத ஒரு பிரிவில் ஏறத்தாழ நூறாண்டுகளாக 130, 140 கிலோ வீரர்களே ஆதிக்கம் செலுத்தியிருக்கலாம் அல்லவா? தடுக்க விதி ஏதும் இல்லாதபோதும் அது நடக்கவில்லை என்பதே இந்தக் கேள்விக்கான முதல் சான்று.

காரணம் உடலியலில் இருக்கிறது. ஒரு மனிதனின் எல்லா அளவுகளையும் பத்து சதவீதம் கூட்டினால், தசைகளின் குறுக்குப் பரப்பு 21 சதவீதம் கூடும். எடையோ 33 சதவீதம் கூடிவிடும். தசையின் வலு குறுக்குப் பரப்பைச் சார்ந்தது என்பதால், வளர வளர ஒவ்வொரு கிலோவையும் நகர்த்துவதற்குக் கிடைக்கும் வலு குறைகிறது. உடலின் வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பும் எடைக்கு ஈடாகக் கூடுவதில்லை. ஒரே ஒரு சுற்றோடு முடியும் சண்டை என்றால் இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு சுற்றுகள், சுற்றுக்கு மூன்று நிமிடம், மொத்தம் 36 நிமிடம் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, விலகி, நுழைந்து, மீண்டும் விலகவேண்டிய விளையாட்டில் கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் மூச்சுக்காற்றில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

எடை கூடினால் குத்து வலுக்கும் அல்லவா என்று கேட்பார்கள். வலுக்கும், ஆனால் ஓர் அளவுக்குப் பிறகு அந்த வலுவால் பெரிய பயன் இல்லை. குத்தின் வேகம் பாதத்தில் பிறந்து, இடுப்பின் சுழற்சியில் பெருகி, தோள் வழியாக முஷ்டியை அடைகிறது. உடல் எடையில் ஒரு பகுதியே அந்தக் குத்தில் பங்கேற்கிறது. வயிற்றில் சேர்ந்த பத்து கிலோ அதற்கு எதையும் தருவதில்லை. மறுபுறம், குத்து வாங்கும் தாடையும் மூளையும் உடல் எடைக்கு ஏற்ப உறுதி பெறுவதில்லை. 2018-இல் சுமார் 96 கிலோ எடையில் களமிறங்கிய டியாண்டே வைல்டர், 116 கிலோ இருந்த டைசன் ஃப்யூரியை ஒரே சண்டையில் இரண்டு முறை தரையில் வீழ்த்தினார். மார்சியானோ தம் 49 வெற்றிகளில் 43-ஐ நாக் அவுட்டில் பெற்றார். ஒரு மனிதனை வீழ்த்துவதற்குத் தேவையான விசை 90 கிலோவிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் தேவைப்படுவதெல்லாம் குத்து குறிதவறாமல் சென்று சேர்வதுதான்.

பேருருவம் கொண்டவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1919-இல் 111 கிலோ எடையும் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் கொண்ட ஜெஸ் வில்லார்டை, அவரைவிட 26 கிலோ குறைந்த டெம்ப்சி முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார்; வில்லார்டால் நான்காவது சுற்றுக்கு எழுந்து வர முடியவில்லை. 118 கிலோ எடையுள்ள பிரிமோ கார்னெராவை 1935-இல் 89 கிலோ ஜோ லூயிஸ் ஆறாவது சுற்றில் முடித்தார். 213 செ.மீ. உயரமும் 143 கிலோ எடையும் கொண்ட நிக்கொலாய் வாலுயெவை 2009-இல் சுமார் 99 கிலோ எடையுள்ள டேவிட் ஹே புள்ளிகளில் வென்றார். ஹே அந்தச் சண்டையில் பெரும்பகுதி ஓடிக்கொண்டே இருந்தார் என்பதும், பார்ப்பதற்கு அது அலுப்பூட்டியது என்பதும் உண்மைதான். ஆனால் துரத்திப் பிடிக்க இயலாத உடலுக்கு அந்த எடையால் என்ன பயன்?

எடை உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு: கட்டிப்பிடிக்கும் நேரம். எதிரியின் கழுத்திலும் தோளிலும் சாய்ந்து, தம் பாரத்தை அவர் தாங்கும்படி செய்தால் இரண்டு மூன்று சுற்றுகளில் அவருடைய கால்கள் தளர்ந்துவிடும். லென்னாக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிட்ச்கோவும் இதில் கைதேர்ந்தவர்கள். ஃப்யூரி 2020-இல் 124 கிலோவாக வந்து வைல்டரை ஏழாவது சுற்றில் தோற்கடித்ததில் இந்தச் சாய்வுக்குக் கணிசமான பங்கு இருந்தது. அதே ஃப்யூரி 2024-இல் தம்மைவிட எடை குறைந்த ஒலெக்சாண்டர் உசிக்கிடம் இரண்டு முறை தோற்றார். மே மாதம் 119 கிலோ, டிசம்பரில் சுமார் 127 கிலோ (இரண்டாவது முறை இருவரும் முழு உடையோடு எடைமேடையில் ஏறினார்கள்). எடையைக் கூட்டி வந்த மறுசண்டையிலும் முடிவு மாறவில்லை. மூன்று நடுவர்களும் உசிக்குக்கே வெற்றி அளித்தார்கள். சாய்வதற்கு எதிரி ஓரிடத்தில் நிற்க வேண்டும், உசிக் நிற்கவில்லை.

உயரத்தையும் கை நீளத்தையும் எடையைவிட முக்கியமாக நான் கருதுவதற்குக் காரணம், அவை களைப்பைத் தராத ஆயுதங்கள் என்பதே. நீண்ட கையால் போடும் ஜாப் (முன்னால் வைத்த கையை நேராக நீட்டிப் போடும் விரைவான குத்து) எதிரியை எப்போதும் ஓர் அடி தொலைவிலேயே நிறுத்தி வைக்கிறது. 196 செ.மீ. உயரமுள்ள லென்னாக்ஸ் லூயிஸின் கை நீளம் 213 செ.மீ.; 191 செ.மீ. உயரமுள்ள முகமது அலிக்கும் உசிக்குக்கும் 198 செ.மீ. இந்த அளவில் மார்பின் அகலமும் சேர்ந்திருப்பதால், ஒரே எண்ணைக் கொண்ட இருவரில் ஒடுங்கிய தோள் உடையவருக்கே உண்மையில் கை நீளம் என்பதை ஒப்பீட்டுப் பட்டியல்களைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் உயரத்துக்கும் எல்லை உண்டு. இரண்டு மீட்டரைத் தாண்டும்போது அகன்று நீண்ட நடுவுடல் எதிரிக்கு எளிய இலக்காகிறது; நெருக்கத்தில் நீண்ட கைகளை மடக்கிக் குத்துவது மெதுவாகிறது; நிலைகுலைந்தால் மீண்டும் ஊன்றி நிற்க நேரம் பிடிக்கிறது. 206 செ.மீ. உயரத்தில் அத்தனை லாவகமாக நகரும் ஃப்யூரியை விதிவிலக்காகவே கொள்ள வேண்டும்; அவரைக் காட்டி விதி வகுப்பது தவறு.

குள்ளமானவர்களின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் பின்னூட்டத்தில் உடனே மைக் டைசன் வந்துவிடுவார். 178 செ.மீ. உயரமும் சுமார் 100 கிலோ எடையும் கொண்டு, 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர் அவர். தலையை இடைவிடாது அசைத்துக்கொண்டு உள்ளே நுழையும் அந்த முறைக்கு இளமையும் வெடிப்பு வேகமும் தேவை. அவை சற்றே மங்கினாலும், நீண்ட ஜாப்பும் கட்டிப்பிடிக்கும் உடலும் உடையவர் முன்னால் வழி அடைபட்டுவிடுகிறது. 1990-இல் 193 செ.மீ. உயரமுள்ள பஸ்டர் டக்ளஸும் 2002-இல் லென்னாக்ஸ் லூயிஸும் செய்தது அதைத்தான். டக்ளஸின் கதை எடைக்கும் பாடமானது: டைசனை வீழ்த்தியபோது 105 கிலோ இருந்தவர், எட்டு மாதங்களில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 111 கிலோவைத் தாண்டி வந்து மூன்றாவது சுற்றில் பட்டத்தை இழந்தார்.

ஒரே வீரருக்கு எந்த எடை பொருந்தும் என்பதற்கு அந்தோனி ஜோஷுவாவும் ஆண்டி ரூயிஸும் 2019-இல் ஆறு மாத இடைவெளியில் மோதிய இரண்டு சண்டைகளைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதம் சிலைபோன்ற தசைகளுடன் 112 கிலோவில் வந்த ஜோஷுவா, தொப்பையும் வேகமான கைகளும் கொண்ட 122 கிலோ ரூயிஸிடம் நான்கு முறை விழுந்து ஏழாவது சுற்றில் தோற்றார். டிசம்பரில் ஜோஷுவா ஏறக்குறைய 108 கிலோவுக்கு இறங்கியிருந்தார்; ரூயிஸ் 129 கிலோவை நெருங்கியிருந்தார். ஜோஷுவா பன்னிரண்டு சுற்றும் சுற்றிவந்து ஜாப் போட்டே வென்றார். மார்பிலும் புஜத்திலும் குவித்த தசையும் சுமையே என்பது முதல் சண்டையிலும், கொழுப்பு அதைவிடப் பெரிய சுமை என்பது இரண்டாவதிலும் தெரிந்தது. கூட்டுவதானால் தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து ஆகியவற்றில் கூட்ட வேண்டும்.

கேள்வியின் விளக்கப் பகுதியில், 183 செ.மீ. உயரமும் 88 கிலோ எடையும் உள்ள நீங்கள் 15 கிலோவைக் கூட்டிக்கொண்டு ஹெவிவெயிட்டுக்கு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கூடாது என்பேன். அந்த உயரத்தில் 103 கிலோவில் பன்னிரண்டு சுற்றும் வேகம் குறையாமல் நகரக்கூடியவர்கள் அரிது. குரூசர்வெயிட் வரம்பு இப்போதே உங்கள் எடைக்கு மேல்தான் இருக்கிறது. மேலே செல்ல விரும்பினாலும் உசிக் சென்ற வேகத்தைப் பாருங்கள். 2018 வரை குரூசர்வெயிட்டில் 90.7 கிலோவுக்குள் நின்றவர், 2019-இல் முதல் ஹெவிவெயிட் சண்டைக்கு 97 கிலோவை ஒட்டி வந்தார். 2021-இல் ஜோஷுவாவை வென்றபோது 100 கிலோ. 2025-இல் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தியபோது 103 கிலோ. ஏழு ஆண்டுகளில் பன்னிரண்டு கிலோ, அதுவும் உங்களைவிட எட்டு செ.மீ. உயரமான உடலில்.