கென் கீஸியும் ப்ரோம்டெனின் துடைப்பமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நாவலாசிரியர் கென் கீஸியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ வாசித்தேன். எல்.எஸ்.டி. போதையில் எழுதியது என்கிறார்கள். 1964-இல் வந்த இரண்டாம் நாவலுக்குப் பின் அவர் நெடுங்காலம் பெரிய நாவல் எழுதாமல் போனதும் போதையால்தானா?

ர.

அன்புள்ள ர.,

கீஸியின் வண்ணம் பூசிய பேருந்து, மெக்ஸிகோ தலைமறைவு, சிறை எல்லாம் ஊரறிந்த கதை. விட்டுவிடுவோம்.

மென்லோ பார்க் படைவீரர் மருத்துவமனையில் அவர் காசு வாங்கிக்கொண்டு எல்.எஸ்.டி. பரிசோதனைக்கு உடன்பட்டது உண்மை. ஆனால் பிறகு அங்கேயே மனநல வார்டில் இரவுப் பணியாளராக இருந்து நோயாளிகளைப் பார்த்ததும், ஸ்டான்ஃபோர்டில் எழுத்து பயின்றதும் உங்கள் கண்ணில் படவில்லையா? மாத்திரை நாவல் எழுதாது. இப்படி நம்புவது சோம்பேறித்தனம்.

கதைசொல்லியைப் பாருங்கள். மனநல மருத்துவமனையில் நோயாளியான ப்ரோம்டென், செவிட்டு ஊமையாக நடிக்கிறவர். அதனால்தான் துடைப்பத்தோடு மருத்துவர்களின் கூட்ட அறைக்குள்ளும் போக முடிகிறது. அவர் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. தன்மையில் சொல்லும் கதையில் சொல்பவன் இல்லாத இடம் இருட்டு. அந்தச் சிக்கலை ஒரு துடைப்பம் தீர்த்துவிடுகிறது. வார்டை மூடும் பனிமூட்டமும் அவருக்கு உவமை அல்ல, கண்ணால் காண்பது. படர்க்கையில் சொன்னால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

மீன்பிடிக்கப் போய்த் திரும்பும் இரவில், நாவலின் நாயகனான சக நோயாளி மக்மர்ஃபியின் முகம் கார்க் கண்ணாடியில் தெரிகிறது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவன் காட்டிவிட்ட களைப்பு. அந்தப் பத்தியை மக்மர்ஃபியே சொல்வதாக மாற்றி எழுதிப்பாருங்கள். ஒன்று வீம்பாகும், இல்லையென்றால் புலம்பலாகும். 1975-இல் வந்த படம் ப்ரோம்டெனிடமிருந்து கதையைப் பறித்தது. ஐந்து பெரிய ஆஸ்கர் வாங்கியும் கீஸிக்கு அதில் மனம் ஆறவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

அவர் எழுதாத ஆண்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றில் ஒன்று 1984. மல்யுத்த அணியோடு வேனில் போன அவருடைய மகன் ஜெட் விபத்தில் இறந்த ஆண்டு. ஜெட்டுக்கு வயது 20. ஒரு தகப்பனின் மௌனத்தைப் போதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்த இரண்டாம் நாவலை எடுங்கள்: ‘சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்’, ஆரிகனில் மரம் வெட்டும் ஸ்டாம்பர் குடும்பம். ஒரே பத்திக்குள் சொல்பவர் மாறுவார்; அடைப்புக்குறியும் சாய்வெழுத்தும்தான் அடையாளம். தொடக்கத்தில் தலை சுற்றும். பென்சிலால் ஓரத்தில் சொல்பவரின் பெயரை ஹாங்க், லீ என்று குறித்துக்கொண்டே போங்கள். குரல்கள் காதில் பழகியதும் பென்சிலை வைத்துவிடலாம்.